வானதூதர் எங்கே பார்க்கிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு குட்டித் தேவதூதர்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு மேலே பார்க்கும் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. காவல் தூதர்கள் என்று சொல்லிப் பரிசாகக் கொடுத்தார்கள். இணையத்தில் தேடினால் நீலச் சிறகு பாதுகாப்பு, சிவப்பு ஆற்றல், இளஞ்சிவப்பு அன்பு என்று பட்டியல் வருகிறது. இதற்கு ஆதாரம் உண்டா? இந்த ஓவியங்களின் ஆன்மிகப் பொருளை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் பட்டியலோடு பழைய ஓவியங்களை அணுகினால் எதுவும் பொருந்தாது. நிறத்துக்குப் பொருள் இருந்தது. ஆனால் அது தூதரின் வரிசையைச் சொன்னது, நம் தேவையை அல்ல. கி.பி. 500ஐ ஒட்டி, டயனீசியஸ் என்ற பெயரில் எழுதிய ஒருவர் தூதர்களை ஒன்பது அணிகளாகப் பிரித்தார். முதல் அணி செராபீன்கள். எபிரேயத்தில் அந்தச் சொல்லின் வேர் 'எரிதல்', அதனால் சிவப்பு. அடுத்தவர்கள் அறிவுக்குரிய கெருபுகள், நீலம். ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் உள்ள ழான் ஃபூக்கேயின் ஓவியத்தில் (1452ஐ ஒட்டி வரைந்தது) மரியாவின் அரியணையைச் சுற்றி இந்த இரண்டு அணியினரும் முகம், உடல், சிறகு எல்லாம் ஒரே சிவப்பாகவும் ஒரே நீலமாகவும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இயேசு பிறக்கப்போகும் செய்தியை மரியாவுக்குக் கொண்டுவரும் கபிரியேலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் சிறகில் மயில்தோகையோ வானவில்லோ, எல்லாம் ஓவியர் இஷ்டம்.

சிறகைவிட வேலைதான் முக்கியம். 'ஆங்கெலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் செய்தி கொண்டுவருபவர் என்றே அர்த்தம். தொடக்ககாலக் கிறிஸ்தவ ஓவியங்களில் தூதருக்குச் சிறகே கிடையாது. நாலாம் நூற்றாண்டின் இறுதியில்தான் முளைத்தது. ஆகவே செய்தி என்ன, யாருக்கு, அது படத்துக்குள் எப்படிப் பயணிக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஃபிளாரன்ஸ் நகரின் உஃபீசி அருங்காட்சியகத்தில் உள்ள சிமோனே மார்த்தினியின் மங்களவார்த்தை ஓவியத்தில் (1333; கபிரியேல் அந்தச் செய்தியைச் சொல்லும் காட்சி) கபிரியேலின் வாயிலிருந்து பொன்னெழுத்துகள் புடைத்தெழுந்து நேரே மரியாவை நோக்கிப் போகின்றன. அவள் மேலாடையை இழுத்துக்கொண்டு உடலை ஒடுக்குகிறாள். அந்த ஒடுங்கலில்தான் ஓவியத்தின் ஆன்மிகம் முழுக்க இருக்கிறது. (இதை அச்சுப்படத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். தங்கத் தகடு, மெழுகுதிரி அசைய அசைய உயிர்பெறுவது. கேமரா ஒரே வெளிச்சத்தில் பிடிப்பதால் அது மங்கிய மஞ்சளாகிவிடும்.)

இன்னும் நுட்பமானது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் யான் வான் ஐக்கின் ஓவியம். புன்னகைக்கும் கபிரியேலின் வாழ்த்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. "இதோ ஆண்டவரின் அடிமை" என்ற மரியாவின் பதிலோ வலமிருந்து இடமாக, அதுவும் தலைகீழாக எழுதியிருக்கிறது. முதலில் பார்ப்பவர்கள் பிழை என்றே நினைப்பார்கள். மேலே பாருங்கள்: கடவுளின் ஆவியைக் குறிக்கும் புறாவோடு ஏழு ஒளிக்கதிர்கள் இறங்குகின்றன. பதில் போக வேண்டிய இடம் அது. அங்கிருந்து படித்தால் எழுத்து நேராகத்தான் தெரியும். அது தூதருக்கு முகவரியிட்ட பதில் அல்ல, அவர் செய்தி கடந்துபோகும் வழி மட்டும்தான்.

இனி உங்கள் படம். அது தனி ஓவியம் அல்ல. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் உள்ள ரஃபேலின் சிஸ்டைன் மடோனா ஓவியத்தின் (1512–13ஐ ஒட்டி) அடிவிளிம்பு. முழு ஓவியம் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மேல். அந்த உருவங்களின் பூர்வீகமும் வேறு: பைபிளின் கெருபுகளுக்கு, எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்வதுபோல், நான்கு முகங்கள், இந்தக் கொழுகொழு குழந்தைகள் ரோமானியக் காமதேவனின் சிறகடிக்கும் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். காவல் தூதர் என்பதற்கு ஓவியத்தில் எந்த அடையாளமும் இல்லை.

வெட்டியெடுத்ததில் போனது அவர்கள் பார்க்கும் பொருள். முழுப் படத்தில் திரை விலகியிருக்கிறது, மேகத்தின்மேல் மரியா குழந்தையோடு நடந்து வருகிறாள், இடப்புறம் திருத்தந்தையான புனித சிக்ஸ்டஸ் நம் பக்கம் கைகாட்டுகிறார், வலப்புறம் புனித பார்பரா குனிந்து இந்தக் குட்டிகளைத்தான் பார்க்கிறாள். முழுப் படத்தின் அச்சு ஒன்றை வாங்கி, உங்களிடம் இருப்பதற்குப் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள்.