விளம்பர வாசகத்தைப் படிப்பவர் நம்பி வாங்கும்படி எழுதுவது எப்படி?

சொற்களைத் தேடுவதற்கு முன்பு பொருளைப் பற்றிய செய்திகளைத் தேடுங்கள் என்பதே என் பதில். சிறுதொழில் செய்வோருக்கு விளம்பர வாசகம் எழுதித் தருவது என் வேலை.

1958ஆம் ஆண்டு புகழ்பெற்ற விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது அந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் தலைப்பு வரி. அது அவர் கற்பனையில் உதித்ததன்று. மூன்று வாரங்கள் அந்தக் காரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் சொல்லியிருந்ததைக் கண்டு எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு என்ஜினையும் பொருத்துவதற்கு முன் ஏழு மணி நேரம் முழு விசையில் ஓட்டிப் பார்க்கிறார்கள், அச்சில் இரைச்சல் வருகிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார்கள் எனக் கீழேயும் செய்திகளே வரிசையாக வருகின்றன. 13,995 டாலர் என்ற விலையையும் அவர் மறைக்கவில்லை. ‘அமைதியான கார்’ என்று எழுதியிருந்தால் யார் நின்று படித்திருப்பார்கள்? கடிகாரம் என்றதும் படிப்பவர் தாமே அந்தக் காருக்குள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார்.

மரச்செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஒருவருக்காக நான் முதலில் எழுதிய துண்டறிக்கையில் ‘தூய்மை’, ‘பாரம்பரியம்’, ‘ஆரோக்கியம்’ ஆகிய மூன்றும் இருந்தன. எந்த எண்ணெய்ப் புட்டியிலும் அவற்றை ஒட்டிவிடலாம். பிறகு ஒரு நாள் முழுவதும் செக்கடியில் உட்கார்ந்து, ஆட்டுபவரிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அவருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எள் தேவைப்படுகிறது. ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறார். எண்ணெயை வடிகட்டாமல் வெயிலில் வைத்துத் தெளிய விடுகிறார். விலை ஏன் கூடுதல் என்று கேட்பவருக்கு எள்ளின் அளவே விடையாயிற்று. புட்டியின் அடியில் மண்டி நிற்கிறதே என்று சிலர் திருப்பித் தந்திருந்தார்கள். ஆகவே, வெயிலில் தெளிய வைத்த எண்ணெய் என்பதால் அடியில் சிறிது மண்டி படியும், மேலாக ஊற்றிப் பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினோம். வாங்குபவரின் மனத்தில் எழும் ஐயத்தை அவர் கேட்பதற்கு முன்பே நேர்மையாகச் சொல்லிவிடுவதைவிட வலுவான வாசகத்தை நான் எழுதியதில்லை.

மொழிநடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கடைக்கு வருபவர்கள் பேசும் சொற்களிலேயே எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மிகைப்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும், நம்பி வாங்கும் குடும்பத்திடம் பொய் சொல்லக் கூடாது. ‘கொழுப்பைக் குறைக்கும்’ என்று சேர்க்கும்படி அந்த நல்லெண்ணெய்க்காரர் வற்புறுத்தியபோது, சான்று இல்லாததால் மறுத்துவிட்டு, அந்த இடத்தில் எண்ணெய் ஆட்டிய தேதியை அச்சிடச் சொன்னேன்.