ஜரிகை ஏன் நடுங்குகிறது?

கேள்வி: மகள் கல்யாணத்தை ஹெச்டி கேமராவில், 1080 50ஐ-யில் எடுத்தோம். டிவிடியாக்கினால் புடவை ஜரிகை மினுமினுத்து நடுங்குகிறது. கேமரா கோளாறா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கேமரா மேல் பழி போடாதீர்கள், அம்மா. தங்கை கல்யாணத்துக்கு நானும் இப்படித்தான் எட்டு டிஸ்க்கைப் பாழாக்கினேன். 50ஐ என்றால் இன்டர்லேஸ்: படத்தின் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறி நொடிக்கு 50 முறை பதிவாகிறது. அதை அப்படியே டிவிடியின் 576 வரிக்குச் சுருக்கினால் இரண்டும் கலந்து குழம்பிவிடும். முதலில் எடிட்டிங் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது பாதிப் பாதி வரிகளை நிரப்பி, நொடிக்கு 50 முழு ஃபிரேமாக்குங்கள். பிறகு சுருக்கி, லேசாக மென்மையாக்கி, மறுபடி இன்டர்லேஸ் செய்யுங்கள். ஷார்ப்பன் பக்கமே போகாதீர்கள், ஜரிகைக்கு அதுதான் எமன். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் தரவு தாராளமாகக் கொடுக்கலாம். மூன்று மணி நேரமா? நலங்கை வெட்டுங்கள், மனசு வராவிட்டால் இரண்டு டிஸ்க்காகப் போடுங்கள்.