அப்பா ஏன் ஜன்னலில் அட்டை ஒட்டுகிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொரோனா காலத்தில், தடுப்பூசிக்குள் சிப் வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ஊசியே போட்டுக்கொள்ளவில்லை. கடந்த நான்கு மாதமாக, தெருமுனையில் உள்ள செல்போன் கோபுரம் தன்னைத்தான் கண்காணிக்கிறது என்கிறார். ஜன்னலில் அட்டை ஒட்டிவிட்டார். செல்போனைத் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடி வைக்கிறார். எதிர்வீட்டுத் திண்ணையில் யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்கிறார். இரவில் தூங்குவதில்லை, பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். செல்போன் பார்த்துப் பார்த்து வந்த வினையா, மனநோயா? சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள்.
– வாசகி, அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் ‘நான்கு மாதமாக’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா முன்பு நம்பியதையும் இப்போது நம்புவதையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். அதை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஊசிக்குள் சிப் இருக்கிறது என்று நம்பியவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். அதற்கு முன்பே, 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்ற பெற்றோர் இருந்தார்கள். அவர்களுக்கு மனநோய் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். பிள்ளையைப் பற்றிய பயமும், மேலே இருப்பவர்கள் மீது அவநம்பிக்கையும், செய்தியை அனுப்பியவர் சொந்த மைத்துனர் என்பதும் சேர்ந்தால் போதும், யாரும் நம்பிவிடுவார்கள். நிலைமை கைமீறிப் போகும்போது மனம் இன்னும் எளிதாக இதற்கு இணங்குகிறது. ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எதுவும் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வை உண்டாக்கிவிட்டு வெறும் புள்ளிகள் நிறைந்த படங்களைக் காட்டியபோது, இல்லாத உருவங்கள் சோதனையில் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிந்தன. சதி இருப்பதாகவும் அதிகம் எண்ணினார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தவருக்கு ஊரடங்கு நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மனநலத்துக்கும் இந்த நம்பிக்கைகளுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். சந்தேக சுபாவமும் பதற்றமும் கூடுதலாக உள்ளவர்கள் இப்படிப்பட்ட கதைகளை ஓரளவு அதிகம் நம்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எது எதனால் வந்தது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. நம்புகிறவர்களையெல்லாம் கிறுக்கு என்பதும், மனநோய் உள்ளவர்களையெல்லாம் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதும் இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

நான் நோயாளியிடம் கவனிப்பது வேறு. சதிக்கதையை நம்புகிறவர், ‘பெரிய இடத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து நம் எல்லாரையும் ஏமாற்றுகிறார்கள்’ என்பார். அந்த வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்புவார், டீக்கடையில் வாதாடுவார், இரவு நன்றாகத் தூங்குவார். நோயில் இருப்பவர், ‘சுற்றியிருக்கிற எல்லாரும் என்னைக் குறிவைக்கிறார்கள்’ என்பார். அவர் அதில் தனி ஆள். சிப் கதையை நம்பிய கூட்டாளியே அவர் சொல்வதைக் கேட்டால் முழிப்பார். உங்கள் அப்பா ‘நம்மை’ என்ற இடத்திலிருந்து ‘என்னை’ என்ற இடத்துக்கு இந்த நான்கு மாதத்தில் வந்திருக்கிறார். தூக்கம் போயிருக்கிறது, மாத்திரை நின்றிருக்கிறது. இது வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை.

கோபுரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எது முக்கியம், எது சாதாரணம் என்று மூளை அடையாளமிடும் வேலையில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. அது பிசகும்போது தெருவில் அடித்த ஹாரன்கூடத் தனக்கான சைகையாகத் தோன்றும். அதற்கு விளக்கம் தேடும் மனம், கண்ணெதிரே இருப்பதை எடுத்துக்கொள்கிறது. லண்டனில் ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்ற தேயிலை வியாபாரி, ஒரு கும்பல் மறைவிடத்தில் ‘காற்றுத் தறி’ ஒன்றை இயக்கித் தன் மனதை ஆட்டுவிப்பதாக நம்பினார். 1810-இல் அதைப் பற்றிப் புத்தகமே வந்தது. அது தறிகள் பெருகிய காலம். நம் தாத்தா காலத்தில் ஏவல் என்றார்கள், இன்று கோபுரம். ஆகவே கோபுரத்தையோ வாட்ஸ்அப்பையோ மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இனி நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். அப்பாவுக்குக் காது எப்படி? வருடக்கணக்காக மில் இரைச்சலில் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது சாதாரணம். அவர்களே அதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எதிர்த் திண்ணையில் வாய் அசைவது தெரியும், பேச்சு பாதிதான் கேட்கும்; மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். முதுமையில் காது மந்தமானவர்களுக்கு இவ்வகைச் சந்தேகம் வரும் வாய்ப்பு அதிகம். அறுபதுக்கு மேல் முதன்முதலாக இப்படி வந்தால் உடம்பைப் பார்க்காமல் மனதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காது, கண், சர்க்கரை, ரத்தத்தில் உப்பு அளவு, தைராய்டு, பி12, ஞாபகசக்தி எல்லாம் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்த்த மாத்திரை, மது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் அவரோடு வாதாடாதீர்கள். ஆமாம் சாமி போடவும் வேண்டாம். அட்டையைக் கிழிக்காதீர்கள். ‘எனக்கு அப்படித் தெரியவில்லை அப்பா, ஆனால் நீங்கள் தூங்காமல் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை’ என்று சொல்லுங்கள். கோபுரத்தைப் பற்றிப் பேச மருத்துவரிடம் வரமாட்டார். தூக்கத்துக்கும் காதுக்கும் பிரஷருக்கும் வருவார். மாத்திரையைக் குழம்பில் கரைத்துக் கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அவர் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

கோயிலுக்குப் போவது அவருக்கு ஆறுதல் என்றால் போய் வாருங்கள். அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஆலோசனை வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். எதிர்வீட்டாரை அடிக்கப் போனாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, திடீரென்று ஆளும் இடமும் தெரியாமல் குழம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த வயதில் மருந்தைக் குறைந்த அளவில்தான் தொடங்குவோம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் ஊசியில் சிப் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அது அவர் கருத்து. அதற்கு மருந்து கொடுக்கமாட்டோம். ஜன்னல் அட்டையை அவரே எடுக்கிறாரா என்று பாருங்கள்.

வரும்போது பழைய பிரஷர் மாத்திரை அட்டையையும், தூக்கம் எந்த நாளிலிருந்து கெட்டது என்ற குறிப்பையும் கொண்டுவாருங்கள். மில்லில் அவரோடு வேலை பார்த்த சிநேகிதர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். உங்களைவிட அவர் சொன்னால் அப்பா பஸ் ஏறுவார்.