கடைவீதிக்கு உயிர் வரணும்னா எதில் பணம் போடுவது? (கேள்வி பதில்)

கேரளத்தின் பாலக்காடு, சித்தூர் பக்கத்து நண்பர்கள் பழைய கடைவீதிகளைச் சீரமைப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜவுளிக்கடைக்காரர், சித்தூர்: சார், வீதி முனையில் அலங்கார வளைவு கட்டலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். வியாபாரம் கூடுமா?

வளைவைப் பார்த்து யாரும் துணி எடுக்க வரமாட்டார்கள். நல்ல மழையில் உங்கள் வீதியை ஒருமுறை நடந்து பாருங்கள். வடிகால் ஸ்லாப் உடைந்திருக்கும், கடைப்படிக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் தேங்கியிருக்கும். இடுப்பில் குழந்தையோடு பைக்குகளுக்கு நடுவில் ஒதுங்குகிற அம்மா அடுத்த தடவை பைபாஸ் கடைக்குத்தான் போவார். அதனால் முதல் காசு வடிகாலுக்கு. அப்புறம் அதன்மேல் நடைபாதை, விளக்கு, பெண்கள் தைரியமாகப் போகக்கூடிய கழிப்பறை.

வரிசை முக்கியம். குடிநீர்க் குழாய், வடிகால், கேபிள் எல்லாம் மண்ணுக்கடியில் முடிந்த பிறகுதான் மேலே கல் பதிக்க வேண்டும். இல்லையென்றால் புதுக்கல்லைப் பெயர்த்துக் குழாய் போடுவார்கள். குடிநீர் தரும் வாட்டர் அத்தாரிட்டி, மின்வாரியமான கே.எஸ்.இ.பி., பொதுப்பணித்துறை, நகராட்சி நாலு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துத் தேதி எழுதி வாங்குங்கள். அதிலேயே பாதி வேலை முடிந்தது.

மொத்த வியாபாரி, பாலக்காடு வலியங்காடி: சீரமைப்பு என்று வீதிக்குள் வண்டியைத் தடுத்தால் எங்கள் கதி?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவைச் சீரமைத்து 2017 டிசம்பரில் திறந்தார்கள். வாகனத்தைத் தடுப்பதை அங்கேயும் வியாபாரிகள் எதிர்த்தார்கள். இன்று சாயங்காலமானால் அங்கே ஜனம் நிதானமாக நடந்து அல்வாவும் துணியும் வாங்குகிறது. ஆனால் அது சில்லறை வீதி. உங்களுடையது மூட்டை இறங்குகிற இடம், அதே விதி ஆகாது. லாரிக்கு விடியற்காலை நேரம் ஒதுக்கக் கேளுங்கள். அந்த நேரத்தை, மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளர்களிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் இல்லாமல் ஒரு மூட்டையும் இறங்காது.

பூ விற்பவர்: அண்ணே, வேலை ஆரம்பித்தால் எங்களைத் தூக்கிவிடுவார்களா?

அக்கா, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக்கூடாது. அந்தச் சட்டம் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் உங்களைப் போன்றவர்கள் இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூவும் பழமும் இல்லாத வீதியில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

கல்லூரி மாணவர், தத்தமங்கலம்: இதற்கெல்லாம் பணம்?

தம்பி, கேரளத்தில் 1996-ல், உள்ளாட்சிகளே திட்டம் போடும் மக்கள் திட்டம் வந்ததிலிருந்து மாநிலத் திட்ட நிதியில் உள்ளாட்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2015-ல் தொடங்கிய, நகர வசதிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில் பாலக்காடு இருந்தது. குடிநீர், மழைநீர் வடிகால் அதன் கீழ் வந்த வேலைகள். உங்கள் ஊரில் வார்டு சபைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். கட்டுகிற செலவோடு, வடிகால் தூர்வார, கழிப்பறை கழுவ வருஷா வருஷம் ஆகும் செலவையும் அதே மனுவில் கேளுங்கள். அந்தச் செலவை எழுதத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.