பேட்ஜ் அளக்காத கதிர்வீச்சு

கேள்வி: அணுகுண்டுச் சோதனைகளில் பங்கேற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கதிர்வீச்சை அளக்கும் ஃபிலிம் பேட்ஜ் தரப்பட்டது என்றும், அதில் பதிவான அளவு பெரும்பாலும் குறைவு என்றும் படித்தேன். அப்படியிருக்க, தங்களுக்கு வந்த புற்றுநோய்க்குச் சோதனையே காரணம் என்று அவர்கள் சொன்னது எப்படிப் பொருந்தும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்தப் பேட்ஜ் எதை அளந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்து உடலைத் தாக்கும் காமா கதிர்களையும் ஓரளவு பீட்டா கதிர்களையுமே அது பதிவு செய்யும். மூச்சுக்காற்றோடும் குடிநீரோடும் உள்ளே போய்த் தங்கிவிட்ட கதிரியக்கப் பொருளை அது காட்டாது.

பசிபிக் கடலில் உள்ள பிகினி பவளத்தீவில் 1946 ஜூலை 25 அன்று நடந்த ‘பேக்கர்’ சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்கடியில் 27 மீட்டர் ஆழத்தில் வெடித்த அந்தக் குண்டில் இருந்த ஏறத்தாழ 6 கிலோ புளூட்டோனியத்தில் 1 கிலோ அளவே பிளவுற்றது. மிஞ்சியது, வெடிப்பில் உண்டான மற்றக் கதிரியக்கப் பொருள்களுடன் கலந்து, இலக்காக நிறுத்தப்பட்டிருந்த கப்பல்களின் மீது நீர்த்திவலையாகப் படிந்தது. அந்தக் கப்பல்களைச் சோப்பும் காரக் கரைசலும் கொண்டு தேய்த்துக் கழுவும் வேலை மாலுமிகளுக்குத் தரப்பட்டது. பெயின்டிலும் துருவிலும் ஊறிவிட்ட கதிரியக்கம் கழுவக் கழுவப் போகவில்லை. உப்பங்கழிக்குள் நின்ற துணைக் கப்பல்களோ அந்தக் கடல்நீரையே காய்ச்சி வடித்துக் குடிநீராகப் பயன்படுத்தின. பேட்ஜும் ஒரு பகுதியினருக்கு மட்டுமே கிடைத்தது; கையிலிருந்த கெய்கர் கருவிகளால் புளூட்டோனியம் வெளியிடும் ஆல்ஃபா துகள்களைக் கண்டறியவும் முடியவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன், அங்கே பிடித்த மீன் ஒன்று தன் உடலின் கதிர்வீச்சாலேயே ஃபிலிமில் பதித்த உருவத்தைத் சோதனைக்குத் தலைமை தாங்கிய தளபதி பிளாண்டியிடம் காட்டிய பிறகே, ஆகஸ்ட் 10 அன்று கழுவும் வேலை நிறுத்தப்பட்டது. அதற்குள் இரண்டு வாரங்களுக்கு மேல் கடந்திருந்தன. ஆகவே, பேட்ஜில் இருந்த எண்ணை மட்டும் வைத்து அந்த மாலுமிகளின் நோயை மறுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

எல்லா ஆய்வுகளும் ஒரே திசையில் சொல்லவில்லை என்பதையும் கூற வேண்டும். நெவாடாவில் 1957-இல் நடந்த ‘ஸ்மோக்கி’ வெடிப்பில் பங்கேற்ற 3,224 பேரிடையே சராசரியாக 3.5 பேருக்கே வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட ரத்தப் புற்றுநோய் 9 பேருக்கு வந்திருந்ததாக 1980-இல் வெளியான ஆய்வு கூறியது. பிகினிக்குச் சென்றவர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்விலோ அங்கே செல்லாத படைவீரர்களைவிட மொத்த இறப்பு விகிதம் 4.6 சதவீதம் கூடுதலாக இருந்தபோதிலும், ரத்தப் புற்றுநோய் குறிப்பிடத்தக்க அளவில் கூடியிருக்கவில்லை.

கேள்வி: அவர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா? (அதே வாசகர்)

பதில்: தாமதமாகக் கிடைத்தது. சட்டத்தில் குறிப்பிட்ட 13 வகைப் புற்றுநோய்களுள் ஒன்று வந்திருந்தால், எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று நிரூபிக்காமலேயே உதவித்தொகை பெறலாம் என 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; அளவைத் துல்லியமாகக் கணிக்க முடியாத நிலையில் இதுவே நேர்மையான வழி. 1990-இல் வந்த மற்றொரு சட்டம், சோதனைக் களத்தில் இருந்து பின்னர் குறிப்பிட்ட நோய்களுக்கு ஆளானவர்களுக்கு 75,000 டாலர் வரை வழங்கியது. ஆனால் சோதனையைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று அவர்கள் அளித்திருந்த ரகசிய உறுதிமொழி 1996-இல்தான் நீக்கப்பட்டது. தாம் எங்கே நின்றோம், எதைக் கழுவினோம் என்பதைத் தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்கியவர்களில் பலர் அந்த ஆண்டுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்கள்.