சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரமாகும்?

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ.தான். கொழும்பு விமான நிலையமோ ஏறத்தாழ 640 கி.மீ. தள்ளி இருக்கிறது.

தூரத்தைப் பார்த்து அரை மணியில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். மணிக்கு 500 கி.மீ. வேகம், ஜெட்டைவிட நிதானம். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில், பன்னாட்டுப் பயணம் என்பதால் சென்னையில் காத்திருக்கும் நேரம் பறக்கும் நேரத்தைவிட அதிகம்!

கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். இரு நாட்டுக்கும் ஒரே நேரம். பலாலி 2019 அக்டோபரில்தான் பன்னாட்டு நிலையமானது; அதற்கு முன் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் போக ஒரு பகலோ ஓர் இரவோ பஸ்ஸிலோ ரயிலிலோ கழிக்க வேண்டியிருந்தது.