மழை கொட்டும் சிங்கப்பூரில் சிறிய நீர்மின் நிலையம் ஏன் இல்லை?

மழை இருக்கிறது, மேடு இல்லை. நீர்மின்சாரத்துக்கு நீரின் அளவும் அது விழும் உயரமும் சேர வேண்டும். நம்மிடம் உள்ளதிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறத்தாழ 164 மீட்டர்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் கூரைநீரில் சுழலியை ஓட்டலாமே என்கிறீர்கள். ஆசைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1,000 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் மழை, 40 மீட்டர் வீழ்ச்சி. ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் ஆண்டு முழுவதற்கும் சுமார் 260 கிலோவாட் மணிதான்! ஒரே ஒரு நாலறை வீட்டுக்கு ஒரு மாதம்கூடத் தாங்குவது சந்தேகம். சுழலியைப் பழுதுபார்க்கும் செலவு தனி.

நீர்த்தேக்கங்கள் வேறு விதத்தில் உதவுகின்றன: தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் 60 மெகாவாட் சூரியத் தகடுகள் மிதக்கின்றன. நீர்மின்சாரமே வேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும். லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 2022 ஜூனில் அது வரத் தொடங்கியது.